பழுதுபட்ட ஏடும் பழுதுபட்ட தட்டும்

பழுதுபட்ட பொருளைக் கழிப்பதற்கும் நம் முன்னோர் ஒரு முறை வைத்திருந்தனர். பின்னமான திருவுருவத்தைத் தெருவில் எறிய மாட்டார்கள், நீர்நிலையில் சேர்ப்பார்கள். செல்லரித்த ஓலைச்சுவடியை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடுவார்கள். அதற்கு முன் அந்தச் சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையில் படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் முறையின் உயிர்நாடி. ஓலை அழியும், எழுத்து அழியக் கூடாது என்று எண்ணியவர்கள் அவர்கள். பிற்காலத்தில் படி எடுப்பவர் குறைந்தனர். ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் நின்றுவிட்டது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சிதைந்த ஏடுகளையெல்லாம் ஆகம விதி என்று சொல்லி நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டு உ.வே. சாமிநாதையர் பட்ட வேதனையை 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. சடங்கு குறைவற நடந்தது; நூல்கள்தாம் போயின.

இன்று நம் வீடுகளில் அந்த ஏட்டின் இடத்தில் இருப்பது கணிப்பொறியின் வன்தட்டு. ஹார்டு டிஸ்க் என்று நாம் அனைவரும் சொல்வது இதைத்தான். பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம்மவர் வீடுகளில் கணிப்பொறி நுழைந்து கால் நூற்றாண்டு ஆகிறது. பிள்ளைகளின் படிப்புக்கென்று கடன் வாங்கியேனும் ஒன்றை வாங்கினோம். அவை ஒவ்வொன்றாகப் பழுதாகிப் போய்விட்டன. ஆனால் அவற்றின் தட்டுகள் போகவில்லை. பரணில், பழைய பிஸ்கட் டப்பாவில், தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் அவை கிடக்கின்றன. எறியவும் மனமில்லை, வைத்திருந்து என்ன செய்வதென்றும் தெரியவில்லை. என் அக்காள் வீட்டில் அப்படிப்பட்ட தட்டு ஒன்று ஐந்தாறு ஆண்டுக்காலம் சாமி படங்களுக்குப் பின்னால் மஞ்சள் துணியில் முடியப்பட்டு இருந்தது. அதன் கதையைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

எங்கள் தந்தையார் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் மாரிக்குப்பம் ரயிலில் நாள்தோறும் பெங்களூருக்கு வந்து கூலி வேலை செய்தவர் பலர். என் தந்தையாருக்கு அந்த வயது கடந்துவிட்டது. அவர் ஸ்ரீராமபுரத்தில் அக்காள் வீட்டோடு வந்து தங்கினார். 2011-இல் அக்காள் மகன் பள்ளிக்கூடப் பாடத்திற்காக ஏதோ எழுத வேண்டியிருந்ததால் தாத்தாவை உட்கார வைத்துக் கணிப்பொறியில் அவர் பேச்சைப் பதிவு செய்தான். பாடம் முடிந்த பின்னும் பதிவு நிற்கவில்லை. கேட்பதற்கு ஒருவன் கிடைத்தான் என்ற மகிழ்ச்சியில் அவர் ஞாயிறுதோறும் தாமே வந்து உட்கார்ந்துகொள்வார். பதினொரு ஞாயிறு பேசினார் என்று நினைக்கிறேன். பதினொரு கோப்புகள் இருந்தன. 2016-இல் அவர் காலமானார். 2018-இல் ஒரு கோடைமழை இரவில் மின்சாரம் போய்ப் போய் வந்தபின் அந்தக் கணிப்பொறியிலிருந்து சுவர்க்கோழி கத்துவதுபோல் டிக், டிக் என்று ஓர் ஒலி எழுந்தது. அதற்குப்பின் திரையில் ஒன்றும் வரவில்லை.

அந்த ஒலி என்ன என்று அறிந்துகொள்வது நல்லது. வன்தட்டு என்பது உண்மையில் ஓர் இசைத்தட்டுப் பெட்டியைப் போன்றது. கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத்தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கின்றன. அவற்றின்மீது காந்தப் புள்ளிகளாக எழுதவும் படிக்கவும் வல்ல ஒரு சிறு தலை, தட்டைத் தொடாமல், காற்றின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்களே. ஒரு தலைமயிரின் பருமனைப் பத்தாயிரம் கூறாக்கினால் வரும் கூறு ஒன்றைப் போன்றது அந்த இடைவெளி. ஒரு தூசி உள்ளே புகுந்தாலும் அது தலைக்கு முன் ஒரு பாறையாக நிற்கும். தலை பழுதுற்று, தான் நிற்கும் இடம் எதுவென்று தெரியாமல் முன்னும் பின்னும் மோதித் தேடும் ஒலியே அந்த டிக், டிக். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பெட்டியில் இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். அடங்கியதோ 50 லட்சம் எழுத்து. இன்று சட்டைப் பையில் அடங்கும் ஒன்று அதைப்போல் பல லட்சம் மடங்கு கொள்கிறது. இவ்வளவு நுட்பமான பொருள் பழுதாவதில் வியப்பில்லை. ஆயிரக்கணக்கான தட்டுகளை இரவு பகலாக ஓட்டும் பெரிய நிலையங்களிலேயே ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு போய்விடுகின்றன. பனையோலை முந்நூறு ஆண்டு நிற்கும். இதற்குக் கடைக்காரர் எழுதித் தரும் உறுதி இரண்டு மூன்று ஆண்டுதான், மிஞ்சினால் ஐந்து.

ஆயினும் பழுதுபட்டது என்பதும் அழிந்தது என்பதும் ஒன்றல்ல. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரின் உயிரைக் கொண்டுபோன கொலம்பியா விண்ஓடத்தை நாம் அறிவோம். 2003 பிப்ரவரி முதல் நாள் அது வானிலேயே சிதறியது. தரையில் கிடந்த சிதைவுகளுக்கிடையே வன்தட்டு ஒன்றும் கிடைத்தது. எரிந்து உருகிப்போன உலோகக் கட்டியாகவே அது தோன்றியது. ஆனால் வல்லுநர்கள் தட்டுகளைக் கழுவி எடுத்து, வேறொரு பெட்டியில் பொருத்தி, அதிலிருந்த செய்திகளில் ஏறத்தாழ முழுவதையும் மீட்டனர். அதனைக் கொண்டு விண்வெளியில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. வானத்திலிருந்து எரிந்து விழுந்த தட்டே பேசியதென்றால், ஸ்ரீராமபுரத்துத் தட்டு ஏன் பேசாது?

அக்காள் முதலில் அருகிலிருந்த ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு அதைக் கொடுத்தனுப்பினாள். கடைக்காரர் மூடியைத் திறந்து, உள்ளே ஊதிப் பார்த்து, மூடிக் கொடுத்துவிட்டார். கடிகாரத்துக்குச் செய்வதை இதற்குச் செய்யலாகாது. இத்தகைய தட்டைத் தூசியற்ற அறையில் அல்லாமல் திறப்பது, திறந்த வயிற்றோடு நோயாளியைத் தெருவில் கிடத்துவதற்கு ஒப்பாகும். குளிர்பெட்டியில் ஓரிரவு வைத்தால் உயிர் வரும் என்று ஒருவர் சொன்னார். உள்ளே ஈரம் படியுமேயன்றி வேறொன்றும் வராது. நல்லவேளையாக அக்காள் அதைச் செய்யவில்லை. ஒலி கேட்ட உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மீண்டும் மீண்டும் ஓட்டிப் பாராமல், இதற்கென்றே அறையும் கருவியும் உள்ள நிலையத்திடம் ஒப்படைப்பது ஒன்றே வழி. செலவு ஆகும். எங்களுக்கு 18,000 ரூபாய் ஆயிற்று. திருமணப் புகைப்படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வேறிடத்தில் வைத்திருப்பவர் இந்தச் செலவை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. வேறு படி இல்லாதவர்க்கே இந்தக் கணக்கு.

பதினொரு கோப்புகளில் நான்கு திறந்தன. ஐந்தாவது பாதியில் நின்றது.

அந்த நான்கில் தந்தையார் கூண்டில் இறங்குவதைச் சொல்கிறார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையே சுடும் என்றும், குளிர்காற்றைக் குழாயில் அனுப்பினாலும் உடம்பெல்லாம் வெந்நீராக ஓடும் என்றும் சொல்கிறார். பாறை வெடிக்கும் நாட்களைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார். பேரனுக்கு அச்சம் வரக்கூடாது என்று எண்ணியிருப்பார். பிறகு, ஆலையில் பாறையைப் பொடியாக்கிச் சயனைடு நீரில் ஊறவைத்துப் பொன்னைப் பிரித்தது, மிச்சமான சாம்பல்நிறச் சேற்றை வெளியே கொட்டியது, அது மலையாக வளர்ந்தது எல்லாம் வருகிறது. "காத்து அடிச்சா அந்தத் தூளு வந்து சோத்துல விழும். உங்க பாட்டி குடத்துக்கு மேல துணி கட்டி வைப்பா" என்கிறார். அங்கே அக்காள் சிரிப்பதும் பதிவாகியிருக்கிறது. ஐந்தாவது கோப்பில், மூடிய நாளன்று சுரங்கத்தின் வாயிலில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்குகிறார். அந்த இடத்தில் நிற்கிறது.

மீட்டவை வேறு இரண்டு இடங்களில் படி எடுக்கப்பட்டன. ஒன்று என்னிடம், ஒன்று தங்கவயலிலேயே இருக்கும் சித்தப்பா மகனிடம். ஆனால் மீட்பு நிலையத்தார் பழைய தட்டைத் திருப்பித் தந்தபோது அக்காளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. "திறக்காத ஏழும் இதுக்குள்ளேதானே தம்பி இருக்கு?" என்றாள். அந்தத் தட்டின் மேற்பரப்பே சுரண்டப்பட்டுவிட்டது, இனி எவராலும் இயலாது என்று நிலையத்தார் எழுதித் தந்திருந்தனர். அதை அவள் படித்தாள். படித்துவிட்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு அவளே அதை எடுத்துக் கொடுத்து, "எங்கே சேர்க்கணுமோ சேர்த்துடு" என்றாள். அப்போது வீட்டிலிருந்த மற்றப் பழைய தட்டுகள் மூன்றும் வெளிவந்தன. அவற்றை எஸ்.பி. சாலையில் விற்றுவிடலாம் என்றான் மருமகன். தெருவில் வரும் குஜிரிக்காரருக்கே போட்டால் வேலை முடிந்தது என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

இங்கே என்னுள் இருக்கும் எழுத்தர் விழித்துக்கொண்டார். மத்திய அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழ்பவன் நான். எங்களிடம் கோப்பு முடிந்தால் அதற்கு ஒரு வகுப்பு எழுத வேண்டும். நுண்படம் எடுத்துக் காக்க வேண்டியவை 'ஏ'. படம் எடுக்காமல் காப்பவை 'பி'. குறித்த காலம் மட்டும் வைத்திருந்து கழிப்பவை 'சி'. கழிக்கும்போதும் மறைவான தாள்களைக் கிழித்தோ எரித்தோதான் கழிக்க வேண்டும். மூட்டை கட்டிக் கடைக்குப் போடலாகாது. வன்தட்டுக்கும் இதுவே முறை. எங்கள் அலுவலகத்தில் பழைய கணிப்பொறிகள் ஏலத்துக்குப் போகுமுன் தட்டுகளைக் கழற்றிவிடுகிறார்கள். வீட்டில் யார் கழற்றுகிறார்கள்? அக்காளின் அந்த மூன்று தட்டுகளில் தந்தையாரின் பணிக்கொடைத் தாள்கள், வங்கிப் புத்தகத்தின் நகல், ஆதார் அட்டைகள், மருமகளின் மருத்துவ அறிக்கைகள் அத்தனையும் இருந்தன.

அழித்துவிட்டோமே என்பார்கள். கணிப்பொறியில் ஒரு கோப்பை அழிப்பது என்பது, பதிவேட்டில் அதன் எண்ணை அடித்துவிடுவதுதான். கோப்பு அடுக்கிலேயே இருக்கும். வேறொன்றை அந்த இடத்தில் வைக்கும்வரை தேடுகிறவன் கையில் அகப்படும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் இருவர் பழைய தட்டுகள் 158-ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். ஓடிய 129 தட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் அந்தரங்கக் கடிதங்கள், மருத்துவக் குறிப்புகள், 5,000-க்கு மேற்பட்ட கடன் அட்டை எண்கள் கிடந்தன. நமக்குத் திறக்காத தட்டு அறிந்தவனுக்குத் திறக்கும் என்பதை எங்கள் தந்தையார் குரலை மீட்டுத் தந்த அதே கலையே காட்டிவிட்டது. இதற்கு மறுபுறமும் உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரத்தில் ஒருவர் 2013-இல் குப்பையோடு போன தட்டில் பல ஆயிரம் பிட்காயின்களின் சாவி இருக்கிறதென்று சொல்லிக் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வழக்காடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. உள்ளே இருப்பது இன்னதென்று பாராமல் எதையும் கழிக்கக் கூடாது என்ற அலுவலகப் பாடம் அங்கேயும் செல்லும்போலும்.

இவ்வளவும் நம் நலம் பற்றியது. குஜிரிக்காரரிடம் போன தட்டு அப்புறம் எங்கே போகிறது? ஜாலி மொகல்லாவிலும் மைசூர் சாலையை ஒட்டிய கௌரிபாளையத்திலும் இத்தகைய பொருள்களைச் சிறு பட்டறைகளில் உடைத்துப் பிரித்தது பற்றிப் பல ஆய்வுகள் வந்துள்ளன. உடைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கையுறைகூட இல்லாமல் நம் வீட்டுக் கழிவைத் தரம் பிரிப்பவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்நகரம் என்றோ குப்பையில் மூழ்கியிருக்கும். கொடுமை அவர்கள் கையில் உள்ள முறையில் இருக்கிறது. பச்சைப் பலகைகளைச் சுட்டு ஈயத்தை உருக்குவதும், அமிலத்தில் ஊறவைத்துப் பொன்னை எடுப்பதும், மிஞ்சிய நீரைச் சாக்கடையில் ஊற்றுவதும் அம்முறை.

பொன் என்ற சொல்லைப் படிக்கும்போது தங்கவயலார் வீட்டுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? எங்கள் தந்தையார் காலத்தின் இறுதியில் ஒரு டன் பாறையை உடைத்தால் மூன்று நான்கு கிராம் பொன் கிடைத்தது. ஒரு டன் கணிப்பொறிப் பலகைகளில் அதைப்போல் பல மடங்கு இருக்கிறது. வன்தட்டின் சிறு பலகையில் உள்ள பொன் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அதன் வட்டத்தட்டின் மேற்பூச்சில் கோபால்ட்டும் பிளாட்டினமும், பெட்டியில் நல்ல அலுமினியமும், தலையை அசைக்கும் காந்தத்தில் நியோடிமியமும் உண்டு. 2025 ஏப்ரலில் சீன நாடு சில அருமண் உலோகங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது நம் நாட்டு வாகனத் தொழிற்சாலைகள் தவித்ததைப் பத்திரிகைகளில் கண்டோம். தங்கவயலில் பதின்மூன்று சயனைடு மேடுகளையும் மறுபடி சலித்துப் பொன் எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. என் பாட்டி குடத்துக்குத் துணி கட்டிக் காத்துக்கொண்ட அந்தத் தூளில் இன்னும் பொன் இருக்கிறதாம். முறையாக எடுப்பார்களாயின் மகிழ்ச்சியே. ஆனால் எழுபது எண்பது ஆண்டு அந்தத் தூளைச் சுவாசித்த குடும்பங்களுக்கு அதில் பங்கு என்ன என்று கேட்பார் யாருமில்லை. கௌரிபாளையத்துப் பிள்ளைகளும் நாளை இதையே கேட்கும்படி நாம் செய்யலாமா?

ஆகவே நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மூன்று தட்டுகளையும் முதலில் வேறு கம்பி மாற்றிச் சோதித்தோம். தட்டு போயிற்று என்று நினைத்த இடத்தில் கம்பி போயிருப்பதும் உண்டு. அப்படி ஒன்று உயிர்பெற்றது. அதிலிருந்த புகைப்படங்களைப் படி எடுத்துக்கொண்டு, தட்டு முழுவதையும் வெற்று எண்களால் மேலெழுதினான் மருமகன். இக்காலத் தட்டுகளுக்கு ஒருமுறை மேலெழுதினாலே போதும் என்கிறார்கள் இத்துறை அறிந்தோர். ஓடாத இரண்டையும் அக்காளின் பழைய தட்டையும் ஆறுமுனைத் திருப்புளியால் திறந்தோம். மேசைக் கணிப்பொறியின் வட்டத்தட்டு பெரும்பாலும் அலுமினியம், வளைத்துக் கீறிவிடலாம். மடிக்கணினியின் தட்டோ பெரும்பாலும் கண்ணாடி. அடித்தால் ஊசி ஊசியாகச் சிதறும். கெட்டித் துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டே உடைக்க வேண்டும். உள்ளிருக்கும் காந்தங்கள் இரண்டும் ஒன்றையொன்று பற்றினால் விரலை நசுக்கும். இதயத்தில் கருவி பொருத்தியவர் அருகே கொண்டுபோகலாகாது. புதிய வகைக் கணிப்பொறிகளில் சுழலும் தட்டே இல்லை, சில்லுகள்தாம். அவற்றுக்குக் காந்தத்தைக் காட்டுவதால் பயனில்லை. கணிப்பொறியிலேயே உள்ள அழிப்புக் கட்டளையால் துடைக்க வேண்டும், ஓடாவிட்டால் சில்லுகளையே நொறுக்க வேண்டும்.

அக்காளின் தட்டை மட்டும் நான் கீறவில்லை. அவளே வாங்கிக் கீறினாள். கீறும்போது சட்டென்று நிறுத்தி, "சத்தம் ஏதும் வராதில்ல?" என்று கேட்டாள். வராது அக்கா என்றேன்.

உடைத்தவற்றைக் கொண்டு சேர்க்கவும் இடம் உண்டு. நாட்டில் முதன்முதலாக அரசு உரிமம் பெற்ற மின்கழிவு ஆலை 2005-இல் நம் நகருக்கு அருகே தாபஸ்பேட்டையில்தான் தொடங்கிற்று. 2012 மே மாதத்திலிருந்து இதற்கெனத் தனி விதிகள் நடப்புக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் திருத்திய புதிய விதிகள் உள்ளன. செய்து விற்றவரே கழிவைத் திரும்பச் சேர்க்கவும் பொறுப்பாளர் என்பது அவற்றின் சாரம். உரிமம் பெற்றோர் பட்டியல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கிடைக்கிறது. தெருவில் கேட்டால் கிடைக்கும் ஐம்பது ரூபாய் அங்கே சில சமயம் கிடைக்காது. ரசீது கிடைக்கும். மருமகன் இதற்குச் சிரித்தான். எழுத்தனுக்கு ரசீதின் அருமை தெரியும்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நானும் மருமகனும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். நான்கு தட்டு, ஒரு கிலோ எண்ணூற்றைம்பது கிராம் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்கள். அக்காள் அந்த ரசீதைக் கேட்டு வாங்கித் தந்தையாரின் இறப்புச் சான்றிதழ் இருக்கும் உறையில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் துணியைத் துவைத்து உலர்த்தியிருந்தாள். தங்கவயலில் உள்ள சித்தப்பா மகனிடம் இருக்கும் படி சரியாக ஓடுகிறதா என்று ஆண்டுக்கொருமுறை கேட்டுக்கொள்வதென்று ஏற்பாடு. இந்த ஆண்டு கேட்டாயிற்று. ஓடுகிறது.